திருப்பிக் கொடுத்த தேத்தண்ணி

எங்கள் வீட்டில் கெட்டுப்போகப் போகிற பிள்ளை யார் என்பதை அம்மா வெகு காலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். அது மூத்த மகளான நான்தான்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சும்மா உட்காரத் தெரியாத பிறவி நான். ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிப்டு பழுதாகி நின்றால் மற்றவர்கள் முனகிக்கொண்டே படி இறங்குவார்கள். நான் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போவேன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கே அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அணைக்கட்டுக்குப் போகும் வளைவுப் பாதையில் எவ்வளவு சாய்க்க முடியும் என்று பார்த்தேன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எது புதிதாக வந்தாலும் ஒரு கை பார்த்துவிட வேண்டும் எனக்கு. வாயும் சும்மா இருக்காது. இப்போது மாக் மண்டினில் லோரி டயர் விற்கிற கடையில் வேலை. நாள் முழுக்க லோரிக்காரர்களோடு கத்துகிறேன், சம்பளமும் தருகிறார்கள். இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என் பையைத்தான் அம்மா துழாவுவாள். நான் வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா நாற்காலியை விட்டு எழாமலேயே, “வாய ஊது பாப்போம்” என்பார். கூட்டாளிகள் யார், எங்கே போனாய், கண் ஏன் சிவந்திருக்கிறது. விசாரணைக்குக் குறைவே இல்லை. 

எனக்கு ஐந்து வயது இளையவன் தம்பி. அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? தங்கமான பிள்ளை. உட்கார் என்றால் உட்காருவான், சாப்பிடு என்றால் சாப்பிடுவான். அவன் வாயிலிருந்து ‘வேண்டாம்’ என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. அம்மாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், பந்தியில் பாயசம் ஊற்ற வந்தவரிடம் போதும் என்று சொல்லத் தெரியாமல், இலையை மடிக்கவும் தயங்கி, அவர் ஊற்ற ஊற்றக் குடித்தான். வரும் வழியில் வேன் முழுக்க வாந்தி. துடைத்தது நான். அம்மாவோ பல வருஷம் அந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எம் புள்ள யாரு மனசும் நோவ விடாது. குடுத்தத வேணாம்னு சொல்லவே சொல்லாது.”

கேட்கிறவர்களும், “கொடுத்து வச்சவங்க நீங்க” என்பார்கள். என்னைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு வேறு.

படிப்பு முடிந்து புக்கிட் தெங்காவில் ஒரு பெக்டரியில் தம்பி வேலைக்குச் சேர்ந்தான். அங்கே சூப்பர்வைசருக்கு அவன் ஒரு வரப்பிரசாதம். யாராவது லீவு போட்டால் அவன் நிற்பான். ஓவர்டைம் என்றால் அவன்தான். ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டுக்கும் நில் என்றால் அதற்கும் நிற்பான். கன்னம் ஒட்டியது. சட்டை தொங்கியது. சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் எழுந்துவிடுவான். “வேலை அலுப்பு பாவம்” என்று அம்மா அவன் தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் உட்கார்ந்து டேபிள் பேனைக் கழற்றி ஒவ்வொரு பாகமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். முந்தின ஞாயிறும் இதே பேனைத்தான் கழற்றினான், அதற்கு முந்தின ஞாயிறும். கை ஓயவே இல்லை. நான் அவன் எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

“என்னாடா எடுக்குற?”

“சியாபுக்கா,” என்றான். காலையில் என்ன பசியாறினாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வானோ அப்படி.

தூக்கத்தையும் பசியையும் ஒழித்து ஆளையே கரைத்துவிடும் போதைப்பொருள் அது. “யாருடா குடுத்தா?”

“பெக்டரில ஒரு பிரெண்டுக்கா. தூக்கம் வராது, நின்னு வேல செய்யலாம்னான்.”

“குடுத்தா வாங்கிக்குவியா?”

அவன் பேன் இறக்கையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். “நீட்டிக்கிட்டே நிக்கிறான். எப்புடிக்கா வேணாங்குறது?”

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. அந்தக் கூட்டாளி மேல், சூப்பர்வைசர் மேல், பாயசம் ஊற்றினவர் மேல்கூட. அதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருந்தது. இவன் மறைக்கவே இல்லை. யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான், கேள்வியைக்கூட மறுக்கத் தெரியாதவன். இத்தனை மாதத்தில் யாரும் அவனைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடமே கேட்டுத் தீர்த்திருந்தார்கள்.

அடுப்படிக்குப் போய், “ம்மா, நம்ம வீட்டுக்குள்ள சியாபு வந்துருச்சு” என்றேன். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும்டி. ஒரு நாள் நீ இதச் சொல்லிக்கிட்டு வந்து நிப்பேன்னு எனக்குத் தெரியும்” என்று அழத் தொடங்கினாள். அழுகையை நிறுத்தி, நான் இல்லை, அவன் என்று புரிய வைப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பெக்டரி வேலையை விட்டான். அரசாங்கக் கிளினிக்குக்கு வாராவாரம் நானே அழைத்துப்போனேன். ஆயர் ஈத்தாமிலேயே ஒரு ஹார்ட்வேர் கடையில் பகல் வேலை கிடைத்தது. முகத்தில் சதை பிடித்தது, சிரித்தான், தூங்கினான். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில் அந்தக் கூட்டாளி அடுக்குமாடிக்குக் கீழே வந்து நின்று போன் அடித்திருக்கிறான். “கீழ வா, சும்மா ஒரு ரவுண்டு.” இவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போட்ட பாடெல்லாம் வீணாகப் போயிற்று என்று உட்கார்ந்து அழுதேன்.

கிளினிக்கில் கவுன்சலராக இருந்த பெண்மணி தமிழ்க்காரர். திட்டவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. “சில பேருக்கு ஆச ஜாஸ்தி, எதையும் தொட்டுப் பாக்கணும். சில பேருக்கு மனசு விட்டுப்போவும். உங்க தம்பிக்கு ரெண்டும் இல்ல. அடுத்தவங்க மொகம் சுருங்குனா இவரால தாங்க முடியல. அங்கதான் கதவு தொறந்து கெடக்கு,” என்றார்.

“அப்ப எனக்கு?” என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

“ஒங்களுக்கும் இருக்குலா. போரடிக்காம பாத்துக்குங்க.”

அந்த ஒரு வரியில் என் ஜாதகத்தையே சொல்லிவிட்டார். பையைத் துழாவியதா என்னைக் காப்பாற்றியது? மோட்டாரும் லோரிக்காரர்களும்தான் காப்பாற்றினார்கள்.

பிறகு அவர் தம்பியைப் பார்த்து, தினமும் ஏதாவது ஒன்றை, ஒரே ஒன்றை, யாரிடமாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். சின்ன விஷயமாக இருந்தால் போதும். தம்பி தலையாட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

எங்கே ஆரம்பிப்பது என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தோம். உனக்குப் பிடிக்காதது எது என்று கேட்டேன். மார்க்கெட்டைத் தாண்டுகிற வரைக்கும் யோசித்தான். அப்புறம் மெல்ல, “தேத்தண்ணில சீனி,” என்றான்.

“என்னாது?”

“சின்னதுலேருந்தே புடிக்காதுக்கா. எல்லாரும் போட்டுக் குடுத்தாங்க, குடிச்சேன்.”

நடுரோட்டில் நின்றுவிட்டேன். இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

மறுநாள் காலை அடுக்குமாடிக்குப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் கடைக்கு அழைத்துப்போனேன். பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணியை இங்கே தே ஓ கோசோங் என்போம். அதைக் கேட்டு வாங்கிக் குடித்தான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஆனால் கேட்பது வேறு, மறுப்பது வேறு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவன் கை கழுவப் போன நேரத்தில் தேத்தண்ணி கலக்குகிற அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

“அண்ணே, நாளைலேருந்து இவன் கோசோங் கேட்டா சீனி போட்டுக் குடுங்க.”

“ஏம்மா, என் கடைய இழுத்து மூட வைக்கவா?”

“அவன் திருப்பிக் குடுக்கணும்ணே. குடுக்குற வரைக்கும் போடுங்க.” விஷயத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சரி, உட்காரு,” என்றார்.

மறுநாள் தொடங்கியது கூத்து. தினமும் காலையில் தம்பி கோசோங் கேட்பான். அண்ணன் ஒரு கரண்டி சீனி போட்டுக் கொடுப்பார். தம்பி ஒரு மிடறு குடிப்பான், கிளாஸைப் பார்ப்பான், மீதியையும் குடித்துவிடுவான். நான் மேசைக்கு அடியில் காலை உதைத்துக்கொள்வேன். அண்ணன் சீனியைக் கூட்டினார். குடித்தான். கெட்டிப்பால் ஊற்றினார். குடித்தான். பொறுத்துப் பார்த்த அண்ணன் ஒரு நாள் கறுப்புத் தேத்தண்ணி கேட்டவனுக்கு ரோஸ் சிரப்பில் பால் ஊற்றி, பளிச்சென்ற ரோஸ் நிறத்தில் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதையும் குடித்தான் என் தம்பி. எழுந்து போய் அண்ணனுக்கு நன்றி வேறு சொன்னான்.

“ஒந் தம்பிக்கு இனிப்பு நீர் வியாதி வந்தா நான் பொறுப்பில்ல,” என்றார் அண்ணன் என்னிடம். எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. இது நடக்கிற காரியமில்லை என்றுதான் நினைத்தேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. கடையில் நல்ல கூட்டம். ரொட்டி சானாய் தட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. தேத்தண்ணி வந்தது. தம்பி ஒரு மிடறு குடித்தான். கிளாஸைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே நடந்து போனான். காதெல்லாம் சிவந்திருந்தது.

“அண்ணே,” என்றான். “இது நான் கேட்டது இல்லண்ணே. சீனி எனக்கு வேணாம்.”

அண்ணன் சிரிக்கவே இல்லை. பெரிய மனுஷன். “மன்னிச்சுக்க தம்பி, மாத்திக் குடுத்துர்றேன்,” என்று கிளாஸை வாங்கிக் கவிழ்த்துவிட்டு வேறு போட்டார். தம்பியின் தலைக்கு மேலே என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். நான் ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன். 

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பொதுவிடுமுறையில் வேலைக்கு வரச் சொன்ன ஹார்ட்வேர் கடை முதலாளியிடம் முடியாது என்றான். முதலாளி சரி என்று விட்டுவிட்டாராம், அதில் இவனுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. “அக்கா, என்னை யாராவது கேட்டா நான் பேசிக்கிறேன். நீ முந்திக்கிட்டுப் பேசாத.” நாக்கைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

அம்மாவிடம் மட்டும் அவனால் முடியவில்லை. “சீனி இல்லாம அது என்னா தேத்தண்ணி, கசாயம் மாதிரி” என்று அவள் அள்ளிப் போடுவாள். அவன் குடித்துவிடுவான்.

தீபாவளி வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி திறந்த இல்லம். அன்றைக்குக் கதவு சாத்தக்கூடாது. தெரிந்தவர், தெரியாதவர், பக்கத்து வீட்டுச் சீனர், கீழ்மாடி மலாய்க்காரர், யார் வந்தாலும் வாங்க வாங்க என்று உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும். தேத்தண்ணிக் கடை அண்ணனும் மனைவியோடு வந்திருந்தார். அம்மா அதற்காகவே கோழியை முஸ்லிம் கடையில் வாங்கியிருந்தாள். பிற்பகல் நல்ல வெயில். ஹாலில் சிரிப்பும் பேச்சும்.

அப்போது வாசலில் ஒருவன் வந்து நின்றான். புதுச் சட்டை, ஒல்லி உடம்பு, கையில் ஆரஞ்சுப் பை. “ஹேப்பி தீபாவளி ஆன்ட்டி. தம்பியோட பெக்டரி பிரெண்டு.”

தம்பி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் நகர்ந்தான். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன்தான். கீழே நின்று கூப்பிட்டவன். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பெக்டரி பிரெண்டு என்றதும் மகிழ்ந்துபோய் நாற்காலி போட்டாள், தட்டு நிறையச் சோறும் கோழியும் வைத்தாள், “ஒடம்பு எளைச்சிருக்கே தம்பி, நல்லா சாப்புடுங்க” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். தம்பி என்னைப் பார்த்தான், லேசாகத் தலையை ஆட்டினான். நீ பேசாதே. நான் ஒரு முறுக்கை எடுத்து நொறுக்கிக்கொண்டே இருந்தேன். தின்னவில்லை.

அவன் சாப்பிட்டான், சிரித்தான், அப்பாவிடம் வேலை நிலவரம் பேசினான். கை கழுவிவிட்டு வந்து தம்பியின் தோளில் கை போட்டான்.

“வா மச்சான், கீழ போவோம். சும்மா ஒரு ரவுண்டு.”

அதே வார்த்தை. தம்பி தரையைப் பார்த்தான். போனால் போச்சு. கிளினிக், கடை, அத்தனை காலையும் போச்சு.

அதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். பெற்ற தாய், நல்ல மனசோடு, சிரித்த முகத்தோடு. “போய்ட்டு வா ஐயா. வீடு தேடி வந்து கூப்புடுறாரு. வரமாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

இப்போது இரண்டு பேர். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அம்மா. இரண்டு முகமும் இவனையே பார்த்துக்கொண்டிருந்தன. முறுக்கு என் உள்ளங்கையில் மாவாகிவிட்டது.

தம்பி தோளில் கிடந்த கையை எடுத்துக் கீழே விட்டான்.

“வேணாம்மா,” என்றான். “நான் போவல.”

அவன் கூட்டாளியின் பக்கம் திரும்பினான். “நான் வரல. இனிமே கூப்புடாத. கிளினிக்குக்குன்னா கூப்புடு, கூட வர்றேன். அதுக்கு மட்டுந்தான்.”

வந்தவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அம்மா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். கிளினிக் என்ற சொல் அவளுக்குள் போய் விழுந்ததை நான் பார்த்தேன். விறுவிறுவென்று உள்ளே போனாள். பிளாஸ்டிக் பையில் முறுக்கு, அதிரசம், கோழி எல்லாம் போட்டு, முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து அந்தக் கூட்டாளியின் கையில் வைத்தாள்.

“எடுத்துக்குங்க தம்பி. நல்லபடியா போய்ட்டு வாங்க.”

சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டால் விருந்தாளி கிளம்ப வேண்டும். அதற்கு மேல் உட்கார யாருக்கும் முகம் இருக்காது. அவன் பையை வாங்கிக்கொண்டு போனான். அவன் லிப்டு வரைக்கும் நடக்கிற சத்தம் கேட்டது. அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தீபாவளி நாளில், திறந்த இல்லத்தில், எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது அன்று ஒரு நாள்தான்.

“அவனா?” என்றாள். தம்பி தலையாட்டினான்.

அம்மா அண்ணனின் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயசக் கதையைச் சொல்லும் அதே பெருமையோடு சொன்னாள். “பாத்தீங்களா, எம் புள்ள வேணாம்னு சொல்லிருச்சு.”

“பாத்தேன்கா,” என்றார் அண்ணன். “அதுக்கு என் கடை சீனி எவ்வளவு போயிருக்கு தெரியுமா?”

நான்தான் முதலில் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. வெட்கமில்லாமல் தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் முறுக்கு மாவு. ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். அப்பா சொல்கிறார், எனக்கு நினைவில்லை.

கதவை மறுபடி திறந்துவிட்டார்கள். அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள். மகனுக்குத் தனியாக, பெரிய மக்கில், பாசத்தையெல்லாம் சேர்த்துச் சீனியாகக் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்து தன் கையால் நீட்டினாள். அவன் வாங்கினான். ஒரு மிடறு குடித்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

“ம்மா,” என்று மக்கை அவளிடமே நீட்டினான். “சீனி வேணாம்மா. மாத்திக் குடுங்க.”

அம்மா மக்கை வாங்கிக்கொண்டாள். முகம் சுருங்கியது, கொஞ்சம்தான். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், கையைப் பின்வாங்கவில்லை. அம்மா அடுப்படிக்குப் போய் அதைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் வைத்தாள்.